பேச்சியம்மா தள்ளிவிட்ட மெஷின்

போர்ட் பிளேரில் கரண்ட் போனால் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்துக்கென்றே ஒதுக்கிவைத்த வேலைகள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. மிக்ஸி ஓடாத நேரத்தில் மீன் ஆய்வார்கள், ஃபேன் நின்ற நேரத்தில் அதன் இறக்கையைத் துடைப்பார்கள். ஊரின் ஷாதிபூர்ப் பகுதியில் இருந்த வசந்தகுமாரியின் பட்டறையிலும் அதே கதைதான். கரண்ட் போயிற்று என்று பக்கத்து வீட்டிலிருந்து இந்தியில் "லைட் கயா" என்று குரல் வந்ததுமே, அவளுடைய அக்கா பேச்சியம்மா விளக்குமாறும் கையுமாக உள்ளே நுழைந்துவிடுவாள். மரத்தூள் கூட்ட அதைவிட நல்ல நேரம் ஏது? மெஷின் சத்தம் இருக்காது, தூளும் பறக்காது. பார்த்துப் பழகிய இந்த நல்ல பழக்கம்தான் ஒரு கோயில் கதவைக் கெடுத்தது.

வசந்தகுமாரி வயரிங் வேலைக்காரி. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். ஷாதிபூரில் பாதி வீடுகளின் காலிங் பெல் அவள் கைப்பட்டது. புருஷன் கோவிந்தராஜ் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தச்சன், கான்ட்ராக்டர் ஒருவரோடு கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டவன். ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டுகளுக்கு அறைப் பெயர்ப் பலகை செதுக்கித் தரும் வேலை வந்தபோது, கையால் செதுக்கினால் கட்டுப்படியாகாது என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மெஷினே கட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர் சொல்கிற கோட்டில் கட்டர் ஓடி மரத்தைச் செதுக்கும். கடைக்காரர்கள் அதை சி.என்.சி. ரௌட்டர் என்று சொல்லி, கேட்டால் மயக்கம் வருகிற விலை சொல்வார்கள். இவர்களுடையதில் சட்டம் கோவிந்தராஜ் செய்தது. மோட்டாரும் பெல்ட்டும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தன. மூளை ஒரு பழைய கம்ப்யூட்டர். வயர் எல்லாம் வசந்தகுமாரி. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

அக்காவும் தங்கையும் பிறந்தது நிக்கோபாரின் கச்சல் தீவில். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களை அந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றியபோது வந்தவர்கள் அவர்களுடைய அப்பாவும் அம்மாவும். அங்கே கடலோரமாக ஒரு முருகன் கோயில் இருந்தது. பேச்சியம்மாவுக்கும் அழகையாவுக்கும் கல்யாணம் நடந்தது அதன் வாசலில்தான். சுனாமியில் கோயிலும் போயிற்று, அழகையாவும் போனார். பேச்சியம்மா அன்று காலை ரப்பர்ப் பால் வெட்ட மேட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தவள், அதன்பிறகு கச்சல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

அந்தக் கோயிலை இப்போது மேட்டில் புதிதாகக் கட்டி முடித்திருந்தார்கள். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாயிற்று. கதவு மட்டும்தான் பாக்கி. கமிட்டித் தலைவர் பொன்னுத்துரை போர்ட் பிளேருக்கு வந்து, படாக் என்கிற சிவப்பு அந்தமான் மரம் ஒன்றிலிருந்தே அறுத்த இரண்டு அகலப் பலகைகளைத் தேடிப் பிடித்திருந்தார். அந்த அகலத்தில் மூன்றாவது பலகை எங்கு அலைந்தும் கிடைக்கவில்லை. கதவை நான்தான் செய்வேன் என்று வசந்தகுமாரி போய் நின்றாள். ஒரு கதவுக்கு ஒரு மயிலாக, ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு மயில்கள். சொந்த ஊர்க் கோயிலுக்கு அவள் பங்கு அது.

முதல் கதவு அருமையாக வந்தது. இரண்டாவது கதவில் மயிலின் கழுத்து ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. அதற்கு அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. கட்டரை மட்டும் கையால் திருகி நேராக மேலே தூக்கிவிடுவாள். மெஷின் நின்ற இடத்திலேயே நிற்கும். கரண்ட் வந்ததும் கட்டரை இறக்கி, விட்ட இடத்திலிருந்து ஓட்டுவாள். மெஷினுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. கரண்ட் போனால் அதன் ஞாபகமும் போய்விடும். இவர்கள் அசைக்காமல் இருக்கிறவரையில்தான் கணக்கு சரியாக இருக்கும். அன்று அவள் டீ குடிக்க உள்ளே போன நேரத்தில், பேச்சியம்மா வழக்கம்போலக் கூட்டவந்தாள். கட்டரைத் தாங்கி நகர்கிற வண்டிக்கு அடியில் தூள் குவிந்து கிடந்தது. வண்டியை ஓரமாகத் தள்ளினாள், சுத்தமாகக் கூட்டினாள், திரும்ப இழுத்து வைத்தாள்.

கரண்ட் வந்து மெஷின் ஓடியபோது மயிலுக்கு இரண்டு கழுத்து ஆயிற்று. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, நடுவில் ஒரு நெல் அகலம்.

"நா இருந்த எடத்துலதான புள்ள வச்சேன்" என்றாள் பேச்சியம்மா. பொய்யில்லை. கண்ணுக்குத் தெரிந்தவரை இருந்த இடத்தில்தான் வைத்திருந்தாள். வசந்தகுமாரி ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை. பேச்சியம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள். அதற்குப்பிறகு கரண்ட் போனாலும் அவள் பட்டறைக்குள் வரவில்லை. வாசல்வரை வந்து டீயை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். கதவு கெட்டதைவிட இதுதான் வசந்தகுமாரிக்குத் தாங்கமுடியவில்லை. கடல் கொண்டுபோனது போதாதென்று, கோயில் கதவையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டதாக அக்கா நினைக்கிறாள் என்பது அவளுக்குச் சொல்லாமலே தெரிந்தது.

பொன்னுத்துரை வந்து பார்த்தார். மெயின்லேண்டில் இரும்புக் கதவு சொல்லிவிடலாம், கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார். வசந்தகுமாரி விடவில்லை. பலகையின் மேல்பக்கத்தைச் சீவிவிட்டுத் திரும்பச் செதுக்கித் தருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கோவிந்தராஜ் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தடவை சீவலாம், அதற்குமேல் அதில் சதை இல்லை, அப்புறம் அது கதவு இல்லை, வெறும் தகடு என்று சொன்னான். கரண்ட் அன்றைக்கும் போனால் என்ன செய்வாய் என்று கேட்டார் பொன்னுத்துரை. நியாயமான கேள்விதான். போர்ட் பிளேரில் ஒரு மயிலை முழுதாகச் செதுக்குகிற நேரத்துக்குக் கரண்ட் போகாமல் இருந்தால் அதுவே ஒரு அதிசயம். கரண்ட் எத்தனை தடவை போனாலும் கழுத்து ஒன்றுதான் இருக்கும், அப்படிச் செய்துவிட்டுத்தான் பலகையில் கை வைப்பேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். கொடுத்தபிறகுதான் எப்படி என்று யோசித்தாள்.

வழி இல்லாமல் இல்லை. பெரிய மெஷின்களில் எல்லாம் உள்ளதுதான். மெஷின் ஓடுகிற ஒவ்வொரு பாதையின் முனையிலும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஞாபகம் போன மெஷினை எழுப்பியதும், அது முதலில் கட்டரை மேலே தூக்கும். பிறகு மெதுவாக மூலைக்குப் போய் ஸ்விட்சைத் தொடும். தொட்ட இடம் அதற்குத் தெரிந்த இடம். அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், விட்ட கோட்டுக்கு முடியளவும் பிசகாமல் வந்து நிற்கும். கண்ணாமூச்சியில் தூணைத் தொட்டுவிட்டு ஓடுகிற மாதிரி. புத்தகத்தில் ஹோமிங் என்று போட்டிருந்தது. இவர்கள் வீட்டில் அதற்கு மூலை தொடுவது என்று பெயர் விழுந்தது. அதே மாதிரி ஸ்விட்சுகளை எதிர் முனைகளிலும் வைத்தால், மெஷின் பாதையை மீறி ஓடி முட்டிக்கொள்ளாமல் நின்றுவிடும்.

ஸ்விட்சுக்கு அவள் எங்கும் போகவில்லை. உப்புக்காற்றில் ஹேவ்லாக் ரிசார்ட்டுகளின் மைக்ரோவேவ் அடுப்புகள் சீக்கிரமே உயிரை விட்டுவிடும். ரிப்பேருக்கு வந்து தேறாமல் போன அடுப்புகள் பட்டறை மூலையில் கிடந்தன. அவற்றின் கதவுக்குப் பின்னால் இருப்பது அச்சாக அதே ஸ்விட்ச்தான். அமுக்கினால் டிக் என்று ஒரு சத்தம், பின்பக்கம் வயர் மாட்ட மூன்று கால்கள். கோவிந்தராஜ் படாக் துண்டுகளில் அவற்றுக்குத் தாங்கி செய்தான். வசந்தகுமாரி வயர் இழுத்தாள், தனக்குப் பழக்கமான விதத்தில், காலிங் பெல்லுக்கு இழுப்பதுபோல. அமுக்காதவரை வயரில் ஒன்றும் ஓடாது. அமுக்கினால் கரண்ட் பாயும், மெஷின் தொட்டுவிட்டதாகத் தெரிந்துகொள்ளும்.

முதல் சில நாள் மெஷின் சமர்த்தாக மூலை தொட்டது. பிறகு ஒரு காலையில், பலகை ஏதும் இல்லாமல் வெறும் மேசையில் ஓட்டிப்பார்த்துக்கொண்டிருந்தபோது, வண்டி மூலைக்குப் போய் ஸ்விட்சை அமுக்கியது. டிக் என்று சத்தமும் கேட்டது. மெஷின் நிற்கவில்லை. ஸ்விட்சைத் தாங்கியோடு பெயர்த்துக்கொண்டு போய்ச் சட்டத்தில் இடித்து, பெல்ட் பல்லில் நழுவ நழுவ உறுமியது. அவள் பாய்ந்து மெயினை அணைத்தாள். அந்த நேரம் மயில் பலகை மேசையில் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

வயரைக் கழற்றிப் பார்த்தால் முனை பச்சையாகப் பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. உப்பு தின்றிருக்கிறது. கோவிந்தராஜ் நல்ல வயராகப் போட்டு, ஈயம் வைத்து, மேலே மெழுகு ஊற்றலாம் என்றான். அதுவும் செய்யவேண்டியதுதான். ஆனால் அவளுக்கு அதில் நிம்மதி வரவில்லை. மெழுகுக்குள்ளும் ஒருநாள் உப்பு போகும். வயர் அறுந்தது அவளை உறுத்தவில்லை. அறுந்த வயரும் சரி, அமுக்காத ஸ்விட்சும் சரி, மெஷினுக்கு இரண்டும் ஒரே அமைதிதான் என்பதுதான் உறுத்தியது. வயர் செத்துக் கிடந்தபோதும் மெஷின் எல்லாம் நலம் என்றே நினைத்து ஓடியிருக்கிறது.

ஆய்ந்த மீனைக் கழுவப் பின்பக்கம் போன பேச்சியம்மாவைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். சுனாமிக்கு முன்னால் பேச்சியம்மா ஞாயிறு தவறாமல் ஃபோன் பண்ணுவாள். பால் வெட்டி முடித்து, கடைத்தெருவுக்கு இறங்கிவந்து, பூத்தில் நின்று பேசுவாள். பேச ஒன்றும் இருக்காது. மழை, விலைவாசி, அழகையாவின் முதுகுவலி. அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை பூமி குலுங்கியபிறகு ஃபோன் வரவில்லை. ஷாதிபூர் முழுக்க வசந்தகுமாரிக்குத் தேறுதல் சொன்னது. லைன் கட்டாகியிருக்கும், கெட்ட சேதி ஒன்றும் வரவில்லையே, நன்றாகத்தான் இருப்பார்கள் என்றார்கள். அவள் கேட்கவில்லை. கெட்ட சேதி வருகிறவரை நலம் என்று அவளால் இருக்கமுடியவில்லை. வரவேண்டிய ஃபோன் வரவில்லை, அதுவே அவளுக்குச் சேதி. மற்றவர்களுக்கு முந்தி அவள் கப்பல்கள் வந்துசேரும் ஹாடோ ஜெட்டிக்கு ஓடினாள். வந்த ஒவ்வொரு கப்பலையும் பார்த்தாள். கடைசியில் ஒரு கப்பலிலிருந்து, யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அக்கா இறங்கினாள்.

மெஷினுக்கும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. ஸ்விட்சிலிருந்து நன்றாக இருக்கிறேன் என்று ஓயாமல் சேதி வந்துகொண்டிருக்கவேண்டும். அது நின்ற நொடி மெஷினும் நிற்கவேண்டும். அமுக்கினதால் நின்றதா, உப்பு தின்று நின்றதா என்பதெல்லாம் அப்புறம். அதற்கு வழி ஸ்விட்சிலேயே இருந்தது. அந்த மூன்றாவது கால் அதற்குத்தான். ஒரு காலில் இருந்த வயரைப் பிடுங்கி மற்றக் காலில் வைத்தால், அமுக்காதவரை கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், அமுக்கினால் அறும். இத்தனை வருஷம் பெல் மாட்டிய கைக்கு அந்தக் கால் ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டு, எல்லா ஸ்விட்சிலும் வயரை மாற்றினாள். கம்ப்யூட்டரிலும் அதற்குத் தக்கபடி மாற்றினாள்.

மாற்றி முடித்ததும் மெஷினை ஓடவிட்டு, கட்டிங் பிளேயரை எடுத்து ஸ்விட்சுக்குப் போகிற புத்தம்புது வயரை நறுக்கென்று வெட்டினாள். மெஷின் போட்டது போட்டபடி நின்றது.

"என்னடி பண்ற, நல்லா இருந்த வயரு" என்றான் கோவிந்தராஜ்.

"நல்லா இருக்கறப்பவே அறுத்துப் பாத்தாத்தாங்க தெரியும்" என்றாள் அவள். சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து அவன் அடுத்த வயரை வெட்ட அவளுக்கு எடுத்தே கொடுத்தான்.

அதோடு தீர்ந்துவிடவில்லை. கட்டர் மோட்டாரை ஓட்டினால் யாரும் தொடாமலே மெஷின் நின்றது. முன்பெல்லாம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை, இப்போது போகவேண்டிய இடத்துக்கே போகமாட்டேன் என்கிறது என்று கோவிந்தராஜ் கிண்டல் செய்தான். மோட்டார் வயரும் ஸ்விட்ச் வயரும் ஒரே குழாயில் ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தன. மோட்டாரின் மின் இரைச்சல் பக்கத்து வயரில் ஏறி, சேதி நின்றதுபோல மெஷினை ஏமாற்றியிருக்கிறது. ஸ்விட்ச் வயரைத் தனியாகப் பிரித்து, பின்னல் கம்பி போர்த்திய கேபிளாகப் போட்டு, எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்தாள். பிறகு அப்படி நிற்கவில்லை மெஷின். அவள் ஒரு பழைய பலகையில் கோடு கீறி, மெயினை அணைத்து, வண்டியைத் தள்ளிவிட்டு, மூலை தொடவைத்து, அதே கோட்டில் திரும்பக் கீறவிட்டாள். எத்தனை தடவை ஓட்டியும் கோடு ஒன்றாகவே இருந்தது.

இரண்டாவது கதவைச் செதுக்குகிற அன்று பொன்னுத்துரை காலையிலேயே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். சீவிய பலகை சிவப்பாக மேசைமேல் படுத்திருந்தது. தோகை முடிந்தது, உடம்பு முடிந்தது. கட்டர் கழுத்துக்கு வந்து பாதி ஏறியபோது, வசந்தகுமாரி எழுந்து சுவரோரம் போய் மெயினைத் தானே அணைத்தாள்.

பொன்னுத்துரை ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். "என்னா புள்ள, வெளையாடுறியா?"

வசந்தகுமாரி மேசைக்குத் திரும்பி வந்தாள். கட்டரைக் கையால் திருகி மேலே தூக்கினாள். பிறகு வாசலுக்குப் போய், டீ டம்ளரோடு நின்ற பேச்சியம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தாள்.

"தள்ளுக்கா."

பேச்சியம்மா கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். வேண்டாம் புள்ள என்றாள். வசந்தகுமாரி கையை விடவில்லை. அன்றைக்குத் தள்ளின மாதிரியே தள்ளு, எங்கே வேண்டுமானாலும் தள்ளு, திரும்ப வைக்கவேண்டாம் என்றாள். பேச்சியம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு தள்ளுத் தள்ளினாள். வண்டி கடகடவென்று மேசையின் மறுகோடிக்குப் போய் நின்றது. கோவிந்தராஜ் தன்னையறியாமல் வாயைப் பொத்திக்கொண்டான். அந்தப் பலகையில் இனிச் சீவச் சதை இல்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

வசந்தகுமாரி மெயினைப் போட்டாள், பொத்தானை அமுக்கினாள். கட்டர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி டிக் என்றது. வண்டி நிதானமாக மூலைக்கு நடந்தது. டிக். கொஞ்சம் பின்வாங்கி, இன்னும் மெதுவாக வந்து இன்னொரு முறை தொட்டது. பக்கவாட்டிலும் அதேபோல. பிறகு யாருக்கும் காத்திராமல் பலகையின் குறுக்கே நேராக வந்து, மயிலின் கழுத்துக்குமேல் நின்றது. மோட்டார் சுழன்றது. கட்டர் இறங்கியது. இறங்கிய இடத்தில் மரம் கத்தவில்லை. வெட்டவேண்டிய மரமே அங்கே இல்லை, அது விட்டுப்போன பள்ளத்துக்குள்ளேயேதான் இறங்கியிருந்தது. அங்கிருந்து தூள் பறக்கக் கழுத்து மேலேறி, கொண்டைவரை போய் முடிந்தது.

பேச்சியம்மா குனிந்து, சுட்டுவிரல் நகத்தை அந்தப் பள்ளத்தில் வைத்து அடியிலிருந்து மேல்வரை இழுத்தாள். கெட்டுப்போன கழுத்தில் அன்று இப்படி இழுத்துப் பார்த்தபோது நகம் தட்டிய இடம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது எங்கும் தட்டவில்லை. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனந்தத்தில் அழுகிற அழுகை அது, யாரும் தேறுதல் சொல்லவில்லை.

பொன்னுத்துரைக்கு ஆசை வந்துவிட்டது. மெஷின் மயிலின் கண்ணுக்குப் போவதற்கு முன்னால் மறுபடியும் அணைக்கச் சொல்லி, இந்தத் தடவை தானே தள்ளிப் பார்த்தார். மெஷின் சலிக்காமல் மூலை தொட்டுவிட்டு வந்து நின்றது. இன்னொருமுறை தள்ளட்டுமா என்று அவர் கேட்டபோதே பக்கத்து வீட்டிலிருந்து "லைட் கயா" என்று குரல் வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பேச்சியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த விளக்குமாற்றை எடுத்தாள். வண்டியை ஒரு கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அடியில் கிடந்த சிவப்புத் தூளைக் கூட்ட ஆரம்பித்தாள்.

கதவு கச்சலுக்குக் கப்பலேறியபோது கூடவே போகிறேன் என்று சொன்னது பேச்சியம்மாதான். யாரும் கேட்கவில்லை. புதுப் புடவை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அவளாகவே சொன்னாள். கும்பாபிஷேகம் முடிந்தும் கொஞ்சநாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஜெட்டியில் வைத்துச் சொன்னாள். வசந்தகுமாரி தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மெஷினை ஓட்டவில்லை. சத்தத்தில் கேட்காமல் போய்விடும் என்று ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு, ஸ்விட்ச் முனைகளுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது.

"கதவு நல்லா சாத்துது புள்ள" என்றாள் பேச்சியம்மா. பிறகு மழையைப் பற்றியும், அங்கே மீன் என்ன விலை என்பது பற்றியும் சொல்லிக்கொண்டே போனாள். வசந்தகுமாரி மெழுகுக் கையோடு ஃபோனைக் காதில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டிக் கேட்டாள். வைக்கும்போது பேச்சியம்மா, அடுத்த ஞாயிறும் பண்றேன் என்றாள்.